கோடு நின்ற இடம்

1

இந்தக் கதை எனக்கு மின்னஞ்சலில் வந்தது. கதையாக வரவில்லை. 'உங்கள் தனிப்பட்ட செயல்திறன் விவரங்கள் தயார்' என்ற தலைப்போடு, இரண்டு பக்கக் கோப்பாக வந்தது.

ஒரு விளையாட்டு அரங்கத்தில் நடந்த துடுப்புப் போட்டியில் நானும் சேர்ந்திருந்தேன். தண்ணீரெல்லாம் கிடையாது. வரிசையாகப் போட்டிருக்கும் இயந்திரங்களில் உட்கார்ந்து, சங்கிலியில் கட்டிய கைப்பிடியை இழுத்து இழுத்து இரண்டாயிரம் மீட்டர் போக வேண்டும். போவது என்பது பேச்சுக்குத்தான். இருக்கை முன்னும் பின்னும் ஓடும், முன்னால் இருக்கிற சக்கரம் காற்றைக் கிழித்து இரையும், சுவரில் மாட்டிய பெரிய திரையில் ஆளுக்கொரு குட்டிப் படகு நகரும். நாம் இருந்த இடத்திலேயே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்போம்.

கோப்பின் முதல் பக்கத்தில் என் சராசரிகள் இருந்தன. இரண்டாம் பக்கத்தில் இரண்டு கோடுகள்: நீலக்கோடு என் வேகம், சிவப்புக்கோடு மார்பில் கட்டியிருந்த பட்டை சொன்ன நாடித்துடிப்பு. அடியில் ஒரு வரி: 'உங்களின் சிறந்த பகுதி: தொடக்கம்.' என் கதைகளைப் பற்றி அண்ணியும் இதையேதான் சொல்வார். அண்ணி இதய நோய்ப் பிரிவில் நர்ஸ். நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர், முதலில் சந்தேகப்படுபவரும் அவர்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். போட்டி முடிந்து எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொண்டிருந்தபோது, எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. எல்லாத் தலைகளும் குனிந்தன. ஒரு தலை மட்டும் குனியவில்லை. எனக்கு எதிரே இருந்த மனிதர் போனை எடுத்தார், பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி தன் போனை விட்டுவிட்டு, அவர் பக்கம் உள்ளங்கையை நீட்டினாள்.

"குடுங்க."

"வீட்டுல போய்ப் பாக்கலாம்."

அவள் கையை மடக்கவில்லை. அவர் ஷூ கயிற்றை இரண்டாம் தடவை கட்டினார்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் நானாகக் கட்டியது. போட்டி முடிவுகளில் தேடினால் அந்த ஜோடி யாரென்று கண்டுபிடித்துவிடலாம். தேடவில்லை. போனில் சார்ஜ் இல்லாமல்தான் உள்ளே வைத்தார் என்று தெரியவந்தால் என் பிழைப்பில் மண்.

2

தொடக்கம் ஒன்று:

'ரொட்டிக்காரரின் இதயம் அன்று—' [அடித்துவிட்டேன். இதயம் என்று ஆரம்பித்தால் காதல் கதை என்று நினைத்து நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அப்புறம் உங்களைச் சமாளிக்க முடியாது.]

தொடக்கம் இரண்டு:

'வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள்—' [மழை எதற்கு? எனக்கு அடுத்து என்ன எழுதுவதென்று தெரியாதபோதெல்லாம் மழை பெய்கிறது.]

தொடக்கம் மூன்று. இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

'வெறும் வாயுப் பிடிப்புதான்' என்று கணவர் சொன்னதை ஒருமுறை நம்பிய பிறகு, அவர் சொன்ன எதையும் அவள் நம்புவதில்லை.

அவள் லிஃப்ட் மெக்கானிக். மூடிய கதவில் காதை வைத்து, எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்வாள். அவர் ரொட்டிக்காரர், அடுப்பறையில் வேலை. போன வருடம் சில நாட்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டே திரிந்தார். கேட்டால் வாயு என்றார். சூடாகத் தண்ணீர் குடித்தார். ஒருநாள் அடுப்பு வாயிலிலேயே மாவு மூட்டையோடு விழுந்தார். அடைப்பை எடுத்து, ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தவரைக் கடையில் கவுண்டரில் நிறுத்தினார்கள். சூடு கூடாது, மூட்டை கூடாது. நாள் முழுக்க நின்று ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆள் சிரித்தபடிதான் நிற்கிறார். ஆனால் அடுப்பறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் மூக்கு அந்தப் பக்கம் திரும்புகிறதை அவள் பார்த்திருக்கிறாள்.

(அண்ணி ஓரத்தில் எழுதியது: 'அடைப்பு எடுத்தவர துடுப்பு மெஷின்ல உக்கார வச்சிருக்கே. எந்த டாக்டர் இதுக்கு ஒத்துக்குவாரு?' பதில்: இதய நோயிலிருந்து தேறியவர்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தும் பயிற்சிக் குழுவில் அவரும் ஒருவர். அந்தக் குழுவே போட்டிக்குப் போனது. 'கலந்துக்கலாம், போட்டி போடக்கூடாது' என்பது டாக்டர் கட்டளை. நாடித்துடிப்புக்கு ஓர் எல்லையும் வைத்திருந்தார். அந்த எண்ணை இங்கே எழுதக் கூடாது, படிப்பவர்கள் தங்களுக்கும் அதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று அண்ணி தடுத்துவிட்டார்.)

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். போட்டி விவரங்களைக் கொண்டுவாருங்கள், நன்றாக இருந்தால் மறுபடியும் அடுப்பறைக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம் என்று. இந்தக் கதையில் நடக்கிற எல்லாமே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

3

போட்டி.

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே ஒரு சந்தேகம். அவளும் போட்டிக்குப் பதிந்திருந்தாள். பல மாதமாக வேலைக்குப் போகுமுன் பயிற்சி செய்து, தன் வயதுப் பிரிவில் முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவள். அப்படிப்பட்டவள் எதற்காக அமைப்பாளரிடம் போய், கெஞ்சி, கணவருக்குப் பக்கத்து இயந்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்?

துணைக்கு என்று கணவரிடம் சொன்னாள். அவருக்குத் தெரியாதா என்ன.

அவள் காது கொடுக்க நினைத்தது அவருடைய சக்கரத்தின் இரைச்சலுக்கு. கைப்பிடியை ஓங்கி இழுத்தால் சக்கரம் சீறும், மெதுவாக இழுத்தால் முனகும். திரையில் இருக்கிற படகை நம்பாமல், அவர் முகத்தையும் நம்பாமல், தன் காதை மட்டும் நம்பி உட்கார்ந்தாள். வேலையில் அவளை ஏமாற்றாத காது அது. ஆனால் அரங்கத்தில் அத்தனை சக்கரங்களும் சேர்ந்து இரையும் என்பதை அவள் யோசிக்கவில்லை. கொடி இறங்கியதும் அவருடைய முனகல் கூட்டத்தில் கரைந்துவிட்டது. ஆகவே திரும்பிப் பார்த்தாள்.

அவர் சிரித்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மாதிரி நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திரும்பினாள். மறுபடியும் சிரித்தார். இப்படியே பாதித் தூரத்துக்கு மேல் போயிற்று. பிறகு திரையில் அவளுடைய படகுக்குப் பக்கத்தில் இன்னொரு படகு வந்து ஒட்டியது, மூன்றாம் இடத்துக்கு அவளோடு மோதுகிற பெண்ணின் படகு. அதற்கப்புறம் அவள்—

[இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். அதற்கப்புறம் அவள் என்ன செய்தாள் என்று எனக்கு முன்னால் தரவு சொல்லிவிடும்.]

அவள் நாலாவதாக வந்தாள். மூன்றாவது இடம் ஓர் இழுப்பு தூரத்தில் போயிற்று. அவர் தன் குழுவில் நடுவில் எங்கோ வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளுக்குக் கை தட்டினார்.

4

வீட்டில், சாப்பாட்டு மேசை. ஒரு பக்கம் காய்ந்த துணிகள் மடிக்காமல் கிடந்தன. அவர் தன் போனை அவள் முன்னால் வைத்துவிட்டு டீ போடப் போனார். இவ்வளவு நல்ல பிள்ளையாக அவர் எப்போதும் இருந்ததில்லை என்பதால் அவள் உடனே கோப்பைத் திறந்தாள்.

முதல் பக்கம் பிரமாதம். சராசரி நாடித்துடிப்பு எல்லைக்கு ரொம்பக் கீழே. அதிகபட்சமும் எல்லைக்குள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதரின் பக்கம் அது. அவளுக்கு அழுகைகூட வந்தது, நம்பாமல் போனோமே என்று.

இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினாள்.

சிவப்புக்கோடு சமர்த்தாக ஓடி, முக்கால் தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோயிருந்தது. இறங்கவில்லை, ஏறவில்லை. இல்லாமல் போய்விட்டது. அதே இடத்தில் நீலக்கோட்டில் ஒரு சின்னப் பள்ளம், ஒன்றிரண்டு இழுப்பு விட்டுப்போன மாதிரி. பள்ளத்துக்குப் பிறகு நீலக்கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியிருந்தது.

"கோடு எங்க போச்சு?"

"எந்தக் கோடு?" சமையலறையிலிருந்து குரல்.

"சிவப்புக் கோடு. பாதியில காணோம்."

"வேர்வையில பட்டை நழுவியிருக்கும். எல்லாருக்கும் ஆகிறதுதான்."

"நழுவினா வயித்துல கெடக்கும். முடிஞ்சப்ப உங்க கையில இருந்துச்சு. சுருட்டி வச்சிருந்தீங்க."

டீ வடிகட்டும் சத்தம் நின்றது. அவர் எதையும் சுருட்டித்தான் வைப்பார். துண்டு, சாக்ஸ், காலி மாவுச் சாக்கு, எல்லாவற்றையும்.

(அண்ணியிடம் போனில் கேட்டேன், இப்படிக் கோடு காணாமல் போனால் சராசரி தப்பாகாதா என்று. "வார்டுல தினம் நடக்கிறது. நெஞ்சுல ஒட்டியிருக்கிறது கழண்டா கோடு போயிடும், ஆளு போயிட்டாருன்னு அர்த்தமில்ல. ஆனா சராசரி இருக்கிற வரைக்கும்தான் கணக்கு எடுக்கும். இல்லாதத அது எப்படி எடுக்கும்?" என்றார். அப்புறம், "பாக்கிறவங்க பெரும்பாலும் முதல் பக்கத்தோட மூடிருவாங்க" என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். ஏன் தாழ்த்தினார் என்று எனக்கு அண்ணி மேலேயே ஒரு சந்தேகம்.)

5

அவர் இரண்டு தம்ளர்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உன்னோடதக் காட்டு" என்றார்.

"என்னோடது எதுக்கு?"

"நீ மட்டும் பாக்கலாம், நான் பாக்கக் கூடாதா?"

அவள் தன்னுடையதை இன்னும் திறக்கவே இல்லை. திறந்தாள். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

"என்ன இது, பல்லு உடைஞ்ச சீப்பு மாதிரி இருக்கு" என்றார்.

உண்மைதான். அவளுடைய நீலக்கோடு கொஞ்ச தூரம் நேராக ஓடும், சடக்கென்று ஒரு பள்ளம். மறுபடியும் ஓடும், மறுபடியும் ஒரு பள்ளம்.

"மூச்சு வாங்குச்சு" என்றாள்.

"மூச்சா இது? ஒவ்வொண்ணும் நீ என்னத் திரும்பிப் பாத்த இடம். திரும்பினா இழுப்பு விட்டுப்போகும்ல." அவர் விரலால் ஒவ்வொரு பள்ளமாகத் தொட்டுக்கொண்டே போனார். "இங்க சிரிச்சேன். இங்கயும் சிரிச்சேன். நீ பாக்கிறப்பல்லாம் சிரிச்சுக் காட்டறதே எனக்குத் தனி வேலையா இருந்துச்சு."

அவளுக்கு முகம் சுட்டது. மூன்றாவது இடம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. யாரும் பிடுங்கவில்லை, அவளே பள்ளம் பள்ளமாகக் கொட்டியிருக்கிறாள். அவருடைய பொய்யைப் பிடிக்க உட்கார்ந்தவளின் சந்தேகம் அவள் கோட்டிலேயே பதிந்திருந்தது.

அவருடைய விரல் முக்கால் தூரத்துக்கு வந்தது. அதற்கப்புறம் கடைசிவரை பள்ளமே இல்லை. நீலக்கோடு ஏறு ஏறு என்று ஏறியிருந்தது. அடியில் எழுதியிருந்தது: 'உங்களின் சிறந்த பகுதி: முடிவு.'

"இங்க நீ திரும்பல" என்றார்.

அந்தப் பெண்ணின் படகு வந்து ஒட்டியதும் அவள் அவரை மறந்துபோனாள். அதுதான் உண்மை. ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அவர் மூச்சைக் கேட்பவள், அந்தக் கொஞ்ச நேரம் அப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷம் எங்கே ஆரம்பித்ததோ, அங்கேதான் அவருடைய சிவப்புக்கோடு நின்றிருந்தது.

"கழட்டினேன்" என்றார் அவர். "நழுவல. நானேதான் கழட்டினேன்."

"ஏன்?"

"நீ பாக்கிறத நிறுத்திட்ட. பட்டை மட்டும் பாத்துக்கிட்டு இருந்துச்சு. கடுப்பா இருந்துச்சு, கழட்டிட்டேன். கழட்டிட்டுக் கொஞ்சம் இழுத்துப் பாத்தேன், அடுப்புல வேல செஞ்சப்ப மூட்டை இழுத்த மாதிரி."

"நெஞ்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"வாயுவும் இப்படித்தான் ஒண்ணும் பண்ணல."

அவர் டீயைக் குடித்தார். சூடு குறையாமலே ஒரே மூச்சில் குடித்தார்.

"பை வேணுமா, பை வேணுமான்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் ஓஞ்சுபோச்சு. அடுப்ப இப்ப வேற ஒருத்தர் பாக்கிறாரு. ரொட்டி அடி கருகுது. எனக்குக் கவுண்டர்ல நிக்கிறப்பவே தெரியுது, ஆனா உள்ள போய்ச் சொல்லக் கூடாது. அந்தக் கடைசிக் கொஞ்ச தூரம் இழுத்தேன் பாரு, அப்பத்தான் நான் நானா இருந்தேன். நீயும் அப்பத்தானே நல்லா இழுத்திருக்க."

இங்கே கதையை முடித்திருக்கலாம். மனிதர் ஒப்புக்கொண்டுவிட்டார், மனைவி உருகிவிட்டாள், இருவரும் துணி மடிக்கிறார்கள் என்று. எழுதியும் பார்த்தேன். அண்ணி பக்கத்தைத் திருப்பி அனுப்பினார், ஒரே கேள்வியோடு: 'அவரு சொல்றத அவ நம்பிட்டாளா?'

நம்பவில்லை. ஒப்புக்கொண்டதையும் சந்தேகப்படலாமே. அவருடைய கோட்டில் இருந்த அந்தச் சின்னப் பள்ளத்தை அவள் மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். பட்டையைக் கழற்ற ஒரு கையை எடுத்ததால் வந்த பள்ளமா? இல்லை, நெஞ்சில் ஏதோ சுருக்கென்று பட்டு, கை நின்று, அந்தத் துடிப்பு கோட்டில் விழுந்துவிடக் கூடாதே என்று பட்டையைக் கழற்றினாரா? ஒன்றுமில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தான் அதற்கப்புறம் அப்படி இழுத்தாரா? இரண்டு விதமாக நடந்திருந்தாலும் கோடு இதே மாதிரிதான் இருக்கும்.

எனக்கும் தெரியாது. என்னை நம்புங்கள் என்று சொல்ல மாட்டேன்.

6

டாக்டரைப் பார்க்கப் போகும் நாள். ரொட்டிக்காரர் கடையிலேயே முதல் பக்கத்தை பிரிண்ட் எடுத்து, மடங்காமல் ஓர் உறையில் வைத்திருந்தார். இரண்டாம் பக்கத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவள் தன் ஆபீஸில், அவர் போனிலிருந்து தனக்கு அனுப்பிக்கொண்ட கோப்பை பிரிண்ட் எடுத்தாள். அது அவள் கைப்பையில் இருக்கிறது. அது அவருக்குத் தெரியுமா என்று அவளுக்குத் தெரியாது.

முடிவு அ: அவள் அதை எடுத்துக் கொடுக்கிறாள். டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார், இன்னும் சில சோதனைகள் என்கிறார். அவர் கவுண்டருக்குத் திரும்பிப் போகிறார். உயிரோடு இருக்கிறார். அவளைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார், அந்தப் போட்டியில் சிரித்த மாதிரியே. [இந்தச் சிரிப்பை அவளால் எத்தனை காலம் தாங்க முடியும்? எழுத மனம் வரவில்லை.]

முடிவு ஆ: அவள் எடுக்கவில்லை. அவர் அடுப்பறைக்குப் போகிறார். வீட்டுக்கு வரும்போது சட்டையில் மாவு வாசனை, முகத்தில் களை. அவள் ஒவ்வொரு லிஃப்ட் கூண்டின் மேலே நிற்கும்போதும் போன் அடிக்குமோ என்று காத்திருக்கிறாள். ஒருநாள்— [இல்லை. இதை முடிக்க மாட்டேன்.]

முடிவு இ: பட்டையைச் சரியாகக் கட்டிக்கொண்டு, டாக்டர் முன்னாலேயே மறுபடி இழுத்துக் காட்டச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அண்ணியும் கேட்டார். கேட்கலாம்தான். ஆனால் அப்படிக் கேட்க வேண்டுமென்றால் முதலில் யாராவது வாயைத் திறந்து, இந்தக் கோடு பாதியில் நின்றிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சுற்றிச் சுற்றி டாக்டர் முன்னால் இருக்கிற அதே நாற்காலிக்குத்தான் வருகிறோம்.

"நீயா இருந்தா என்ன பண்ணுவ?" என்று அண்ணி என்னைக் கேட்டார்.

"நீங்க தினமும் அந்த ரூம்லதானே நிக்கிறீங்க? பொண்டாட்டிங்க என்ன பண்றாங்க?"

"என்னையத்தான் பாப்பாங்க" என்றார் அண்ணி. "நான் பாக்காத மாதிரி வேற பக்கம் திரும்பிக்குவேன்."

ஆகவே அறையை மட்டும் எழுதிவிடுகிறேன். பச்சைத் திரை, எடை பார்க்கும் மேடை, மேசை மேல் கையளவு பிளாஸ்டிக் இதயம், அதன் ஒரு பாதி கழன்று பக்கத்தில் கிடக்கிறது. திரைக்குப் பக்கத்தில் நர்ஸாக என் அண்ணியையே நிறுத்தியிருக்கிறேன். டாக்டர் உறையைப் பிரித்து முதல் பக்கத்தைப் படிக்கிறார். புருவம் உயர்கிறது.

"ரொம்ப நல்லா இருக்கே. இவ்வளவு கட்டுப்பாடா இழுத்திருக்கீங்க."

ரொட்டிக்காரர் முழங்கால் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருக்கிறார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி இருக்கிறார். டாக்டர் பேனாவை எடுத்து, எழுதத் தொடங்குமுன் அவள் பக்கம் திரும்புகிறார்.

"நீங்க சொல்லுங்கம்மா. பக்கத்துலதானே இருந்தீங்க. எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

அவள் கை, மடியில் இருக்கும் பையின் ஜிப் மேல் இருக்கிறது.

ஷூ பெஞ்சில் பார்த்ததிலிருந்து இவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். என் கதையும் அங்கங்கே பள்ளம் விழுந்து கிடக்கிறது. இனி நான் பார்க்கவில்லை. அண்ணியும் திரையைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். உங்களையும் இப்போது யாரும் பார்க்கவில்லை.

ஜிப்பைத் திறக்கவோ விடவோ, அவள் கை இனி உங்களிடம் இருக்கிறது. டாக்டர் இன்னும் எழுதவில்லை.